எதிர்ப்புச் சக்திக்கு ஒரு டம்ளர்

தம்பி, ஒரு நிமிஷம். அந்த நீல அட்டை உள்ளே போறதுக்குத்தானே? நாலு மணிக்குத்தான் விடுவாங்க. இன்னும் நேரம் இருக்கு, இப்படி உட்காருங்க. சுவர்ப் பக்கமா உட்காருங்க, இந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும்.

உங்க அப்பாவுக்கு ஜன்னல் ஓரத்துப் படுக்கை. எனக்குத் தெரியும். அதுக்கு அடுத்த படுக்கையில இருக்கிறது என் வீட்டுக்காரி. உலகம்மாள்னு பேரு. நேத்து அவ தலையணை கீழே விழுந்தப்ப எடுத்துக் கொடுத்தது நீங்கதான்னு மச்சினன் சொன்னான். அதனாலதான் உங்ககிட்ட கேட்கிறேன். வேற யார்கிட்டயும் கேட்க எனக்கு வாய் வராது.

இந்த பிளாஸ்க்கை உள்ளே கொண்டுபோய் அவளுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் கொடுக்கணும். அவ்வளவுதான். குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். நிக்கலைன்னா குடிக்க மாட்டா.

என்ன இதுன்னு கேட்கிறீங்க. கேட்கத்தான் வேணும். தெரியாத ஆள் கொடுக்கிறதை யாரும் சும்மா வாங்கிர மாட்டாங்க. சொல்றேன். முழுசும் சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

எனக்குச் சங்கரன்கோவில். பஜார்ல பாத்திரக்கடை. கோமதிநாயகம்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பாங்க. கஷாய அண்ணாச்சின்னு கேட்டா சின்னப் பிள்ளை கூட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். கொரோனா சமயத்துல கடை வாசல்ல ஒரு அண்டாவை வச்சு, வர்றவன் போறவனுக்கெல்லாம் கஷாயம் கொடுத்தேன். யார்கிட்டயும் காசு வாங்கலை. பேப்பர்ல போட்டோ போட்டான். அந்தப் பேப்பரைக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டியிருக்கேன். உலகு அப்பவே கேலி பண்ணுவா. "உங்க கஷாயத்துக்குக் கொரோனா பயப்படுதோ இல்லையோ, எனக்குப் பயமா இருக்கு"ம்பா. அவ வாய் அப்படி. ஆனா அண்டா கழுவுறது அவதான்.

அப்புறம் கொரோனா போச்சு, அண்டாவும் பரண் மேல போச்சு. போன கார்த்திகையில எங்க தெருவுல காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் படுத்துக் கிடந்தாங்க. நான் மறுபடியும் ஆரம்பிச்சேன். ஆனா பழைய மாதிரி கடையில விக்கிற பொடி இல்லை, கேட்டீங்களா. எங்க வீட்டுக் கொல்லையில வேப்பமரம் நிக்குது. அதுல சீந்தில் கொடி ஏறிக் கிடக்கு. வேம்புல ஏறின சீந்திலுக்கு வீரியம் அதிகம்னு எல்லாரும் சொல்வாங்க. அதை வெட்டி, இடிச்சு, மிளகும் சுக்கும் போட்டு வத்தக் காய்ச்சி, விடியக்காலம் வெறும் வயித்துல ஒரு டம்ளர். நானும் குடிக்கிறேன், அவளும் குடிக்கிறா. எதிர்ப்புச் சக்திக்கு அதுக்கு மேல ஒண்ணு கிடையாது.

அவ லேசுல குடிக்க மாட்டா. ஒருநாள் பார்க்கிறேன், டம்ளரைக் கொண்டுபோய் அம்மிக்குப் பின்னால கவுத்துறா. நான் ஒண்ணும் திட்டலை. மறுநாள்ல இருந்து பக்கத்துலயே நின்னேன். குடிச்சதும் டம்ளரைத் தலைகீழாக் கவுத்துக் காட்டணும். ஒரு சொட்டு விழக் கூடாது. "நான் என்ன உங்க கடைப் பாத்திரமா, ஓட்டை இருக்கான்னு கவுத்துப் பார்க்க"ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்தது.

மாசி மாசம் அவளுக்குச் சோறு பிடிக்காம போச்சு. தாளிக்கிற வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டா. பகல்ல படுத்தா எந்திரிக்க மாட்டா. ராத்திரி கை காலெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே கிடப்பா. நான் என்ன நினைப்பேன்? உடம்புல எதிர்ப்பு குறைஞ்சுருச்சுன்னு நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அதைத்தான் நினைப்பீங்க. சாயங்காலமும் ஒரு டம்ளர் சேர்த்தேன்.

அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. நான் முதல்ல கவனிக்கலை. கடைக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு அம்மா, "அண்ணாச்சி, அக்கா கண்ணைப் பார்த்தீங்களா, மஞ்சக் குங்குமம் மாதிரி இருக்கே"ன்னு சொல்லித்தான் பார்த்தேன். காமாலைன்னதும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து கொடுத்தோம். உப்பில்லாப் பத்தியம் போட்டோம். கஷாயத்தை மட்டும் நான் விடலை. நோய் வந்த நேரத்துல காவலை எடுக்கலாமா?

குறையலை. திருநெல்வேலியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தேன். ரத்தம் எடுத்தாங்க. காமாலை உண்டாக்குற கிருமி எதுவும் இல்லைன்னு சொன்னாங்க. பித்தப்பையில கல்லும் இல்லை. அங்கே இருந்த டாக்டர் கேட்டார், "இவங்க ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?" தைராய்டு மாத்திரை வருஷக் கணக்கா சாப்பிடுறா, அதைக் காட்டினேன். "நாட்டு மருந்து ஏதாவது?" இல்லைன்னு சொன்னேன்.

ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? கஷாயம் மருந்தா? காபி குடிக்கிறோம், அதை யாராவது மருந்துன்னு எழுதிக் கொடுப்பாங்களா? நோய்க்குக் கொடுத்தா மருந்து. நோய் வராம இருக்கக் கொடுத்தா அது சாப்பாடு.

அங்கே அடுப்பு வைக்க முடியாது. கஷாயம் கொடுக்க வழியில்லை. ஆனாலும் பாருங்க, ரெண்டு மூணு வாரத்துல கண்ணு வெளுத்துருச்சு. இட்லி கேட்டுச் சாப்பிட்டா. டாக்டருக்கே ஏன்னு தெரியலை. எனக்குத் தெரியும். அதுவரைக்கும் குடிச்சது ரத்தத்துல ஊறியிருந்தது, அது வேலை செஞ்சது. நான் வெளியில சொல்லிக்கலை. பெருமை எதுக்கு?

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். பழைய வழக்கத்தை ஆரம்பிச்சேன். அவ அழுதா, தம்பி. சின்னப் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கிட்டு அழுதா. "வேண்டாங்க, அதைக் குடிச்சா எனக்கு என்னமோ பண்ணுது"ன்னா. எங்க அம்மா வேப்பெண்ணெய் கொடுத்தப்ப நானும் அப்படித்தான் அழுதிருக்கேன். மூக்கைப் பிடிச்சு ஊத்தினாங்க, நான் இன்னும் கல்லு மாதிரி இருக்கேன். அப்படின்னு சொல்லிக் குடிக்க வச்சேன். மூக்கைப் பிடிக்கலை. அந்த அளவுக்கு நான் முரடன் இல்லை.

இந்தத் தடவை சீக்கிரமே வந்துருச்சு. முதல் தடவை மாசக் கணக்கு ஆச்சு, இப்ப ஒரு வாரம்கூடத் தாங்கலை. கண்ணு மட்டும் இல்லை, உள்ளங்கையும் மஞ்சள். கால் வீங்கிருச்சு. திருநெல்வேலியில பார்த்துட்டு, இங்கே பார்க்க முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. வேன்ல வர்றப்ப என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்தா. "கடையைப் பூட்டியாச்சா?"ன்னு கேட்டா. கோவில்பட்டி தாண்டினப்புறம் மறுபடியும் அதையே கேட்டா. சாத்தூர்ல மறுபடியும். சாவியை எடுத்து அவ கையிலயே வச்சேன்.

டாக்டர் ஜெசிந்தாவை நீங்க பார்த்திருப்பீங்க. உங்க அப்பாவையும் அவங்கதானே பார்க்கிறாங்க? நல்ல அம்மா. பொறுமைசாலி. வயித்துல ஊசி போட்டு ஈரல்ல இருந்து நூல் மாதிரி ஒரு துண்டு எடுத்தாங்க. அப்புறம் என்னை உட்கார வச்சு, "ஐயா, என்ன தொழில்?"னு கேட்டாங்க. பாத்திரக்கடைன்னேன். "பாத்திரத்துல பேர் வெட்டிக் கொடுப்பீங்களா?"ன்னாங்க. நானேதான் வெட்டுவேன், எங்க ஊர்ல என் கையெழுத்து இல்லாத கல்யாண வீடு கிடையாதுன்னேன்.

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். ஈரல்ங்கிறது அடுக்களை மாதிரி. நாம முழுங்குற எல்லாத்தையும் அதுதான் பிரிச்சு, உடைச்சுச் சுத்தம் பண்ணும். சில பேருக்கு, சில மருந்தை உடைக்கும்போது, அதோட ஒரு துணுக்கு ஈரலோட சொந்தப் பொருள் மேலயே ஒட்டிக்கும். உங்க வீட்டுச் செம்புல யாரோ வேற வீட்டுப் பேரை வெட்டிட்ட மாதிரி."

சரின்னேன்.

"உடம்புக்குக் காவல்காரங்க இருக்காங்க. அவங்க வேலை, பேரைப் படிச்சுப் பார்த்து, இது நம்ம வீட்டுது, இது அந்நியம்னு பிரிக்கிறது. வேற பேர் இருக்கிற செம்பைப் பார்த்தா என்ன செய்வாங்க?"

"திருட்டுச் சாமான்னு தூக்கி எறிவாங்க."

"அதைத்தான் செய்றாங்க. அடுக்களைக்குள்ள புகுந்து நம்ம சாமானையே உடைக்கிறாங்க. அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தேன், முழுக்க காவல் செல்கள்தான். வெளியில இருந்து வந்த எதிரி ஒருத்தனும் இல்லை. உங்க வீட்டம்மாவுக்குத் தைராய்டு வந்ததே அந்தக் காவலோட சண்டையாலதான். அவங்க காவலுக்குக் கொஞ்சம் முன்கோபம். இன்னொண்ணு, ஒரு தடவை பார்த்த பேரைக் காவல் மறக்காது. அதே பொருள் மறுபடியும் உள்ளே வந்தா, முதல் தடவையை விட வேகமா, மோசமா பாயும். இவங்களுக்கு ரெண்டாவது தடவை அப்படித்தான் பாஞ்சிருக்கு. அதனால கேட்கிறேன் ஐயா. பேர் வெட்டுறது எதுன்னு நமக்குத் தெரியணும். அதை நிறுத்தினாதான் மத்ததெல்லாம் வேலை செய்யும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுல பேர் வெட்டுற ஆள் நான் ஒருத்தன்தான் டாக்டரம்மா"ன்னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அந்தம்மா சிரிக்கலை.

அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. தலைவலி மாத்திரை? காய்ச்சலுக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கினது? மூட்டுவலிக்கு? உடம்பு குறையப் பொடி? லேகியம்? கஷாயம்? அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னப்ப உலகு படுக்கையில இருந்து என்னைப் பார்த்தா. நானும் அவளைப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா"ன்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. முப்பது வருஷமா என் பேச்சுக்கு மறுபேச்சு நாலு பேர் முன்னால அவ பேசினது கிடையாது. அந்த மரியாதை அவளுக்கு எப்பவும் உண்டு.

அன்னைக்கே ஒரு மாத்திரை ஆரம்பிச்சாங்க. அது என்ன பண்ணும்னு கேட்டேன். காவலைத் தணிக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு வைக்கும்னாங்க. எனக்குத் தலை சுத்திருச்சு. ஊர் உலகமெல்லாம் ஏத்துங்க ஏத்துங்கன்னு சொல்லுது, இவங்க இறக்குறாங்களே. காவல்காரனைத் தூங்க வச்சுட்டா வீட்டுக்கு யார் பொறுப்பு? "இப்போதைக்கு உங்க வீட்டுக்கு ஆபத்தே அவன்தான் ஐயா"ன்னாங்க. படிச்சவங்க. எதிர்த்துப் பேச முடியுமா? ஆனா எனக்கு ஒரு வழி தோணிச்சு. அவங்க மாத்திரையால இறக்கட்டும், நாம கஷாயத்தால ஏத்துவோம், நடுவுல நிக்கும். தராசு மாதிரி. தப்பா?

ஊர்ல இருந்து வர்றப்பவே ஒரு கட்டு சீந்தில் தண்டை ஈரச்சாக்குல சுத்திக் கொண்டு வந்திருந்தேன். எதிர்ல லாட்ஜ்ல ரூம். பக்கத்துல டீக்கடைக்காரர் நல்ல மனுஷன், அடுப்பு தந்தார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நர்ஸ் கேட்டா வெந்நீர்னு சொல்லிருவேன். உலகு மறுப்பே சொல்லலை. மறுப்புச் சொல்லத் தெம்பு இல்லைன்னு நீங்க நினைக்கலாம். பழகிருச்சுன்னு நான் நினைக்கிறேன்.

மாத்திரை கொடுத்தும் ரத்தத்துல அந்த மஞ்சள் கணக்கு ஏறிக்கிட்டே போச்சு. டாக்டரம்மா தினமும் பேப்பரைப் பார்ப்பாங்க, நெத்தியைத் தேய்ப்பாங்க. "இந்நேரம் இறங்க ஆரம்பிச்சிருக்கணுமே, எங்கேயோ விடுறோம்"னு அவங்களுக்குள்ளயே சொல்லிக்குவாங்க. எனக்கு அவங்களைப் பார்க்கவே பாவமா இருக்கும்.

அப்புறம்தான் இந்தக் கொடுமை நடந்தது. முந்தாநாள் சாயங்காலம் பிளாஸ்க்கோட போறேன், நர்ஸ் வாசல்ல நிறுத்திட்டா. "ஐயா, உங்க வீட்டம்மா உங்களை உள்ளே விட வேண்டாம்னு சொல்றாங்க"ன்னா. எனக்குக் காது சரியாக் கேட்குதான்னே சந்தேகம். என்னையா, நான் அவ புருஷன்மான்னேன். "ஆமாங்கய்யா, அதைத்தான் சொன்னாங்க. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாங்க"ன்னா.

ஈரல் கெட்டா அந்த அழுக்கு தலைக்கு ஏறும், ஆள் தடுமாறிப் பேசுவாங்கன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. அதுதான் இது. வேற என்ன இருக்க முடியும்? அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்?

அதுல இருந்து இந்த பெஞ்சுதான். அவ தம்பி ஆவுடையப்பன், சூரத்துல வேலை, தகவல் தெரிஞ்சு முன்னாடியே கிளம்பினவன், அன்னைக்கு ராத்திரி ரயில்ல வந்து இறங்கினான். அட்டை இப்ப அவன் பேர்ல. அவன்கிட்ட பிளாஸ்க்கைக் கொடுத்தேன். "வெளிச் சாமான் எதுவும் கூடாதுன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிருக்காங்க அத்தான், வெந்நீர் உள்ளேயே கொடுக்கிறாங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டான். விவரம் தெரியாத பய. நானும் உள்ளே என்ன இருக்குன்னு சொல்லலை.

நான் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியலை. டீதான். நேத்து லாட்ஜ்ல குளிக்கப் போனேன், பக்கெட்டுல தண்ணி ரொம்பி வழியுது, நான் நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். பாத்திரக்கடைக்காரன்னு பேரு, என் வீட்டுல எந்தச் செம்பு எந்த அலமாரியில இருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. அவ எடுத்துக் கொடுத்தாதான் உண்டு. பிள்ளை இல்லை எங்களுக்கு. அவ போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கிட்ட என்ன கேட்பேன்?

இல்லை, அழலை. கண்ணு எரியுது. இங்கே பினாயில் கூடுதலாப் போடுறாங்க.

இன்னைக்குக் காலையில என்னையும் ஆவுடையப்பனையும் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ரெண்டு நாளா மஞ்சள் கணக்கு ஏறலை, நின்னிருக்குன்னாங்க. ஏன் நின்னதுன்னு அவங்களுக்குப் புரியலையாம். ஆவுடையப்பனும் சொன்னான், அக்கா இன்னைக்குத் தெளிவாப் பேசுது, ரசஞ்சாதம் கேட்டுதுன்னான். பார்த்தீங்களா? திருநெல்வேலியில நடந்த அதே மாதிரி. ஏற்கெனவே குடிச்சது வேலை செய்யுது. ஆனா அது எத்தனை நாளைக்கு வரும்? கொடுக்காம ரெண்டு நாளாச்சு. தீர்ந்துரும். அதுதான் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

டாக்டரம்மா சொல்றாங்க, "காரணம் தெரியாம இதை நம்பிக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. எப்ப வேணும்னாலும் மறுபடியும் ஏறலாம். ஏறினா அவங்க தாங்க மாட்டாங்க. தம்பியோட ஈரல் பொருந்துது. நாளைக்குக் காலையில முடிவெடுத்து, பாதியை எடுத்து அக்காவுக்கு வைக்கணும்." அவனுக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. பெரியவ இப்பத்தான் எட்டாம் வகுப்பு. "வெட்டினா வளருமாமே அத்தான், முருங்கை மாதிரி"ன்னு சிரிக்கிறான். வாங்கிக் கொடுத்த டீ அப்படியே ஆறிப் போச்சு. இப்பவும் கீழே ஸ்கேனுக்குத்தான் போயிருக்கான்.

அவன் போனதும் அந்தம்மா என்னை மட்டும் நிறுத்தினாங்க. "ஐயா, கடைசியா ஒரு தடவை கேட்கிறேன். நான் யாரையும் திட்ட மாட்டேன். ஆயிரம் பேருக்கு ஒண்ணும் செய்யாத பொருள் ஒருத்தருக்கு ஆகாம போகும், அது கொடுத்தவங்க தப்பு இல்லை. எதையாவது கொடுத்து, அது இப்ப நின்னிருந்தா, அதைச் சொல்லுங்க. அப்ப இந்தக் கணக்கு ஏன் நின்னதுன்னு எனக்குத் தெரியும். அறுக்காம காத்திருந்து பார்க்கலாம். அந்தப் பையனையும் காப்பாத்தலாம்."

நல்லாத்தான் கேட்டாங்க. யாருமே அப்படிக் கேட்டதில்லை.

ஒண்ணும் இல்லைன்னுட்டேன்.

சொன்னா என்ன ஆகும், நீங்களே யோசிங்க. முதல்ல நிறுத்துன்னு சொல்வாங்க. இருக்கிற ஒரே காவலும் போயிரும். அப்புறம் ஊருக்குத் தெரியும். கஷாய அண்ணாச்சி சொந்தப் பொண்டாட்டிக்கே என்னத்தையோ கொடுத்துட்டாராம்னு பஜார் முழுக்கப் பேசுவான். அண்டா அண்டாவாக் குடிச்ச ஊர் அது. ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சா? எனக்கு ஆச்சா? எனக்கு ஆகாதது அவளுக்கு எப்படி ஆகும்? ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே டம்ளர் தம்பி.

என்ன கேட்டீங்க? குடிக்காதப்பதான் அவளுக்குச் சரியாச்சான்னா?

திருநெல்வேலியில சரியாச்சு. ஆமா, அங்கே கொடுக்கலை. அதைத்தான் சொன்னேனே, ஏற்கெனவே ஊறினது. இங்கேயும் ஆமா, ரெண்டு நாளா கொடுக்கலை. நீங்க வேற மாதிரி கோக்குறீங்க. சின்ன வயசு, அப்படித்தான் தோணும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டா போட்ட உடனேவா இறங்குது? கொஞ்சம் கழிச்சுத்தானே இறங்கும்? இதுவும் அப்படித்தான்.

இல்லை. கோபம் இல்லை. நீங்க கேட்டது தப்பில்லை. அந்த நினைப்பு எனக்கும் ஒரு தடவை வந்தது. வேன்ல வர்றப்ப, சாத்தூர் தாண்டி. வந்த உடனே தள்ளிட்டேன். அப்படியெல்லாம் நினைக்க ஆரம்பிச்சா மனுஷன் உயிரோட இருக்க முடியாது.

சரி, அதை விடுங்க. நாலு மணி ஆகப் போகுது. கொண்டு போவீங்களா, மாட்டீங்களா?

அப்படியா? நிஜமாவா தம்பி? நல்லா இருப்பீங்க. உங்க அப்பா எந்திரிச்சு நடப்பார். நான் சொல்றேன், நடப்பார். இந்தாங்க, மூடி கொஞ்சம் இறுக்கம், இடது பக்கமாத் திருப்பணும். சூடா இருக்கு, துண்டோட பிடிச்சுக்கோங்க.

பேரா? சீந்தில். சீந்தில் கொடி. எழுதிக்கிறீங்களா? எழுதிக்கோங்க, போன்லயே எழுதிக்கோங்க. அப்பாவுக்கும் கொடுக்கலாம்னு பார்க்கிறீங்க போல. நல்லது. தண்டு கட்டை விரல் கனத்துக்கு இருக்கணும். நான் ஒரு சாண் நீளம் போடுவேன், காஞ்சது இல்லை, பச்சை. ஆமா, கார்த்திகையில ஆரம்பிச்சது. முதல்ல காலையில மட்டும். மாசியில இருந்து ரெண்டு நேரம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில இருந்தப்ப மட்டும் விட்டுப் போச்சு, திரும்பி வந்த மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். இங்கே கடைசியாக் கொடுத்தது முந்தாநாள் காலையில. எவ்வளவு அக்கறையாக் கேட்கிறீங்க. டாக்டரம்மாகூட இப்படி வரிசையாக் கேட்டதில்லை. கேட்டாங்க. நான்தான் சொல்லலை.

போயிட்டு வாங்க. டம்ளர் அவ படுக்கைக்குப் பக்கத்துச் சின்ன அலமாரியில இருக்கும். அடியில என் கையால அவ பேர் வெட்டியிருக்கும். நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. இல்லை, வேண்டாம். சொல்ல வேண்டாம்.

தம்பி, வார்டு இந்தப் பக்கம். படிக்கு வலது கைப் பக்கம். நீங்க நேராப் போறீங்க. அங்கே வழி கிடையாது. அங்கே டாக்டரம்மா ரூம்தான் இருக்கு.

தம்பி.

கேட்குதா? நில்லுங்க. நான் வாரேன். எந்திரிச்சா வந்துருவேன், இந்தக் காலு மரத்துக் கிடக்கு, அதனாலதான். பிளாஸ்க்கைக் கொடுத்துட்டுப் போங்க. என் பிளாஸ்க் அது.

கதவைத் தட்டிட்டீங்க.

சரி. உள்ளே இருக்காங்களா? இருப்பாங்க, இந்த நேரம் அவங்க எங்கேயும் போக மாட்டாங்க. கதவைச் சாத்தாதீங்க தம்பி, ஒண்ணே ஒண்ணு. நான் கட்டாயப்படுத்தினேன்னு சொல்லிராதீங்க. அவளாத்தான் கேட்டு வாங்கிக் குடிச்சான்னு சொல்லுங்க. ஆசைப்பட்டுக் குடிச்சான்னு.